பழைய பாலிசியை மறைத்தது யார்?

ஆலை மூடப்பட்டு, பிரீமியம் கட்ட வழியின்றி, ஆயுள் காப்பீட்டைப் பாதியில் இழந்த தொழிலாளர்கள் நாடு முழுவதும் இருக்கிறார்கள். சில ஆண்டுகள் கழித்து வேறொரு நிறுவனத்தின் முகவர் வருகிறார். முன்பு எடுத்த பாலிசி காலாவதியானதா, ரத்து செய்யப்பட்டதா, நிராகரிக்கப்பட்டதா என்று முன்மொழிவுப் படிவம் கேட்கிறது. மாத இலக்கை எட்ட வேண்டிய முகவர் ‘இல்லை’ என்று நிரப்புகிறார். தொழிலாளி கையெழுத்திடுகிறார்.

அவர் இறந்த பிறகே அந்த ‘இல்லை’ தோண்டியெடுக்கப்படுகிறது.

வேறு நிறுவனத்தில் இருந்த பாலிசியைக் குறிப்பிடாத ஒரு வழக்கில், இழப்பீட்டை மறுத்தது சரியே என்று உச்சநீதிமன்றம் 2019 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. படிக்காமல் கையெழுத்திட்டதாகக் கூறிப் பொதுவாக எவரும் தப்ப முடியாது என்பதும் அதில் சொல்லப்பட்டது. பெரிய பாலிசியைத் தெரிவித்துச் சிறியவற்றை விட்டுவிட்ட இன்னொரு வழக்கில், 2025 பிப்ரவரியில், அதே நீதிமன்றம் குடும்பத்துக்குப் பணம் வழங்க உத்தரவிட்டது. ஆறுதலான தீர்ப்புதான். ஆனால் உச்சநீதிமன்றம் வரை வழக்காட எத்தனைக் குடும்பங்களால் முடியும்?

1938ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டத்தின் 45ஆவது பிரிவு 2015இல் திருத்தப்பட்டது. அந்நிய முதலீட்டு வரம்பை 26 சதவீதத்திலிருந்து 49 சதவீதமாக உயர்த்திய அதே திருத்தச் சட்டம்தான் இதையும் செய்தது. மூன்றாண்டுகளுக்குப் பின் எந்தக் காரணம் காட்டியும் ஆயுள் பாலிசியைக் கேள்விக்குள்ளாக்க முடியாது என்பது வரவேற்கத்தக்கது. ஆயினும் காலாவதியான பாலிசியைப் புதுப்பித்தால் அந்த மூன்றாண்டு மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். வேலையிழந்து தவணை தவறியவருக்கே இந்தத் தண்டனை. அதைவிடக் கொடியது, மோசடி என்று நிறுவனம் குற்றம் சாட்டினால், பாலிசிதாரர் உயிரோடு இல்லாத நிலையில், அது மோசடியல்ல என்று மெய்ப்பிக்கும் சுமை பயனாளியின் தலையில் விழுவது. கணவர் எந்த ஆண்டு எந்தப் படிவத்தில் என்ன எழுதினார் என்று கைம்பெண் எப்படி மெய்ப்பிப்பார்?

தோழர்கள் தம் பகுதி மக்களிடம் ஒன்றை வலியுறுத்த வேண்டும்: பழைய பாலிசி எந்த நிலையில் முடிந்திருந்தாலும் அதைப் படிவத்தில் எழுதச் செய்து, நகலை வாங்கி வைக்கட்டும். பிரீமியம் சற்றுக் கூடலாம். விண்ணப்பமே மறுக்கப்படவும் கூடும். உயிரோடிருக்கும்போது மறுக்கப்பட்டால் மாற்று வழி தேட அவகாசம் உண்டு.

ஆனால் பொறுப்பைத் தொழிலாளியின் நினைவாற்றலிடம் மட்டும் விட்டுவிட முடியாது. இழப்பீட்டு நேரத்தில் பழைய பாலிசிகளைத் தேடிக் கண்டுபிடிக்கும் நிறுவனங்கள், முதல் பிரீமியத்தை வாங்கும் முன்பே தேடட்டும். தேடாமல் பணம் வாங்கிய நிறுவனம் பின்னர் அதே காரணத்தைக் காட்டி இழப்பீட்டை மறுக்கக் கூடாது; 45ஆவது பிரிவில் இந்தத் திருத்தம் வேண்டும். மெய்ப்பிக்கும் சுமையும் குடும்பத்திடமிருந்து நிறுவனத்துக்கு மாற வேண்டும்.