பாசறைக்கு ஏற்ற கத்தி

கல்லூரி அன்னையின் விழாமலரிற் கத்தியைப் பற்றி ஒரு கட்டுரையா என்று பழைய மாணவர் சிலர் புருவம் நெரித்தல் கூடும். தமிழாசிரியர் என்போர் இலக்கணமோ இலக்கியமோ எழுதுவதே முறை என்பது அவர் எண்ணம். ஆயின், பகலிற் கரும்பலகையோடும் மாலையிற் சாரணர் குழுவோடும் பல்லாண்டு பழகிய காரணத்தாற் கத்தி பற்றியும் ஒருசில கூறும் உரிமை எமக்கு உண்டென நம்புகின்றோம். அதனினும் மேலாக, கூறவேண்டிய கடமையும் உண்டு. அதற்கு ஏது எமது பிழையொன்றே.

சில ஆண்டுகளுக்கு முன்னர் வன்னியில் ஒரு குளக்கரையில் மூன்று நாட் பாசறை அமைத்தோம். புறப்படுமுன் நகரத்துக் கடையொன்றிற் பளபளவென மின்னிய பெருங்கத்தியொன்றை யாமே விலைகொடுத்து வாங்கினோம். அலகு 10 அங்குலம், முதுகில் வாட்பல், குழலாய்த் துளைத்த பிடியினுள்ளே தீக்குச்சி, தூண்டில், நூல், பிடியின் மூடியிலே திசைகாட்டி. மாணவர் அனைவரும் அதனைச் சூழ்ந்து வியந்தனர். அவ்வியப்பில் எமக்கும் ஒரு பங்கு பெருமை இருந்தது என்பதை மறைக்கமாட்டோம்.

இரண்டாம் நாட் காலை உலர்ந்த வீரைக் கொம்பொன்றை அதனால் வெட்டினோம். நாலாவது வெட்டில் அலகு பிடியை விட்டுக் கழன்று பறந்தது. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த ஒரு சிறுவனின் காதருகே அரைச்சாண் இடைவெளியிற் சென்று மண்ணிற் குத்தி நின்றது. அச்சிறுவன் சிரித்தான், எமக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றிரவு யாம் கண்ணுறங்கவுமில்லை. அவன் தாய் எம்மை நம்பியன்றோ அவனை அனுப்பினாள்!

பக்கத்து வயற்காரர் ஒருவர் நிகழ்ந்ததைக் கேட்டறிந்து, முறிந்த பிடியைக் கையில் வாங்கிப் பார்த்தார். "மாஸ்டர், உது விளையாட்டுச் சாமான். இதைக் கொண்டுபோங்கோ" என்று தம் கொடுவாக்கத்தியை நீட்டினார். கரிபிடித்த அலகு, கைபட்டுத் தேய்ந்த மரப்பிடி. எஞ்சிய நாட்களில் அது விறகு பிளந்தது, கூடாரத்து முளை சீவியது, தேங்காய் உரித்தது. மாணவர் ஒருவரும் அதனை வியக்கவில்லை. அதற்கு வியப்பு வேண்டியிருக்கவுமில்லை.

முறிந்ததன் காரணம் எளிது. குழற்பிடியினுள் நீண்ட இரும்பு செல்ல இடமில்லை. ஆதலின், அலகு பிடியோடு விரலினும் மெல்லிய திருகாணியொன்றாலேயே பிணைக்கப்பட்டிருந்தது. வெட்டின் அதிர்ச்சி முழுவதும் வந்து சேருவது அவ்விடத்திலேயே. முதுகின் வாட்பல்லும் வீணே; சில்லாம்புகளால் அடைபட்டுப் பச்சைக்கொம்பைக்கூட அது அறுத்திலது.

எனவே கத்தி கொள்வார் முதலிற் கேட்கவேண்டிய வினா, "எது அழகியது?" என்பதன்று, "எவ்வேலைக்கு?" என்பதே. திருவள்ளுவனார் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்றதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். அரசர்க்கு உரைத்தது ஆயினும் கத்தி வாங்குவார்க்கும் அது பொருந்தும்.

உலக மக்கள் கண்ட பெருங்கத்திகள் யாவும் நிலத்துக்கேற்பவே அமைந்தன. அமெரிக்கக் கண்டத்துக் கரும்புத் தோட்டங்களில் வழங்கும் மச்செட் என்பது நீண்டது, மெல்லியது. 18 அங்குலமும் அதன்மேலும் நீளும். முதுகின் தடிப்போ 2 அல்லது 3 மில்லிமீற்றரே. புல்லையும் கரும்பையும் வெட்டுவது பாரமன்று, வீச்சின் விரைவு. எம்மவர் பலர் உத்தியோகம் பார்த்த மலாயாவின் பராங் கத்தியும், நேபாளத்துக் குக்ரியும் நுனிப்பக்கம் பாரமானவை. மரக்கொம்பை வெட்ட அப்பாரம் துணைசெய்யும். எமது கொடுவாக்கத்தியும் அவ்வினத்ததே. அதன் வளைந்த மூக்கு, பற்றையையும் முட்கிளையையும் இழுத்து வெட்டக் கைகொடுக்கும்.

எமது பாசறை வேலைகள் யாவை? காவோலை நறுக்குதல், விறகு பிளத்தல், முளை சீவுதல், பற்றை துப்புரவாக்கல், வேலிக்குக் கிளுவையும் பூவரசும் கதியாலாய் வெட்டுதல். இவற்றுக்கு 10 முதல் 12 அங்குல அலகும், முதுகில் 4 அல்லது 5 மில்லிமீற்றர் தடிப்பும் போதும். பாலை, முதிரை, வீரை போன்ற வன்மரத்தைத் தடித்த முண்டமாகத் துணிக்க வேண்டுமாயின் கைக்கோடரி கொள்க. கத்தியைக் கோடரியாக்க முயல்வோர் இரண்டையும் இழப்பர். பதினான்கு வயதுச் சிறுவனுக்கு ஒன்றரை இறாத்தலுக்கு மேற்பட்ட கத்தி பாரமாகும். களைத்த கையே தவறும் கை.

அடுத்தது உருக்கு. துருப்பிடியா உருக்கிற் குரோமியம் நூற்றுக்கு 10.5 பங்குக்குக் குறையாது இருக்கும். சமையலறைக்கு அது நன்று. ஆயின் ஊர்க் கொல்லுலையில் அதனைப் பதப்படுத்துதல் எளிதன்று; பாசறையில் ஓர் அரங்கொண்டு விரைவிற் கூராக்குதலும் அரிது. எமது கொல்லர் பெரிதும் விரும்புவது பழைய லொறிகளின் வில்லுத் தகடு. அதிற் கரி நூற்றுக்கு 0.6 பங்கு அளவில் இருக்கும். வளைந்து மீளும் இயல்பு அதன் பிறவிக்குணம். துரு ஏறும் என்பது உண்மையே. ஒரு துளி தேங்காயெண்ணெய் அக்குற்றத்தை நீக்கும்.

உருக்கினும் மேலானது தோய்ச்சல். கொல்லர் அலகைச் செக்கச் செவேலெனக் காய்ச்சுவார். ஏறக்குறைய 770 பாகை செல்சியஸ் வெப்பத்தில் இரும்பு காந்தத்தால் ஈர்க்கப்படும் தன்மையை இழக்கும். அதற்குச் சற்று மேலே சென்றதும் நீரிலோ எண்ணெயிலோ தோய்ப்பார். அந்நிலையில் உருக்கு மிகக் கடியது. கண்ணாடிபோல் உடையவும் கூடும். ஆகவே மீண்டும் இளஞ்சூட்டிற் காட்டுவார். அப்போது மினுக்கிய அலகின்மேல் நிறங்கள் ஓடும்: 230 பாகையளவில் இளமஞ்சள், பின் கபிலம், பின் ஊதா, 300 பாகையளவில் நீலம். சவரக்கத்திக்கு மஞ்சள் தகும். வெட்டுங்கத்திக்கு ஊதாவை அண்டி நிறுத்தவேண்டும். வெப்பமானியின்றிக் கண்ணால் இதனை அறியும் கொல்லரைக் கல்லாதவர் என்று எவர் சொல்லவல்லார்?

வாங்குமுன் செய்யத்தக்க சோதனைகள் சில உள. கத்தியைக் கண்ணெதிரே நீட்டி முதுகு நேரோ எனப் பார்க்க. அலகை விரல்நகத்தாற் சுண்டுக. வெடிப்பில்லாதது தெளிந்து ஒலிக்கும். வாயில் அரத்தை மெல்லத் தேய்க்க. அரம் வழுக்கியோடினால் மிகக் கடிது, ஆழக் கடித்தால் மிக மெலிது, சிறிதே பற்றினால் நன்று. பிடியினுள் இரும்பு எவ்வளவு தூரம் செல்கின்றது என்று கேட்க. அது பிடியின் முழு நீளமும் சென்று தறையாணியால் இறுக்கப்பட்டிருத்தல் தலையாயது. பிடியின் கடை சற்றே வளைந்திருந்தால் வியர்த்த கையினின்றும் நழுவாது. வாயின் கோணத்தையும் நோக்குக. சமையற் கத்திக்கு இருபுறமும் சேர்ந்து ஏறக்குறைய 30 பாகை போதும். மரம் வெட்டுங் கத்திக்கு 40 பாகையாவது வேண்டும். இன்றேல் வாய் மடியும்.

இனி, எம்மை நோக்கி எழுப்பப்படும் பெரிய வினாவுக்கு வருவோம். 2009இற் போர் முடிந்தபின் 'வாள்வெட்டு' என்னுஞ் சொல் எமது குடாநாட்டுச் செய்தித்தாள்களிற் பழகிப்போயிற்று. இக்காலத்திற் பிள்ளைகள் கையிற் கத்தியா என்று பெற்றோர் அஞ்சுகின்றனர். உடனாசிரியர் சிலரும், "கயிறும் முடிச்சும் போதுமே, கத்தி எதற்கு?" என்கின்றனர். அவ்வச்சத்தை யாம் எள்ளமாட்டோம். அலகு பறந்த காலையை மறந்தோமல்லோம்.

ஆயினும் விலக்கல் விடையாகாது என்பதே எம் துணிபு. 1908இல் வெளிவந்த பேடன் பவலின் சாரணர் கைந்நூலே மரம் வெட்டுதலையும் கற்பித்தது. கருவியைக் கருவியாகக் காணாத பிள்ளைக்கே அது படைக்கலமாகத் தோன்றும். கதியால் வெட்டிக் கை காய்த்தவன் கத்தியின் பாரத்தை அறிவான். அது தசையில் என்ன செய்யும் என்பதையும் அறிவான். திரைப்படத்தில் மட்டும் அதனைக் கண்டவன் அறியான். எம் குழுவில் இப்பொழுது நான்கு விதிகள் உள. கையுங் கத்தியும் நீட்டிய தொலைவுக்குள் எவரும் நில்லாத இடத்திலேயே வெட்டுக. காலுக்குப் புறம்பான திசையில் வெட்டுக. கொடுக்கும்போது பிடியை முன்வைத்துக் கொடுக்க. வேலை முடிந்த கணமே உறையில் இடுக. பயணத்தின்போது கத்திகள் யாவும் கட்டிய பெட்டியினுள், ஆசிரியர் பொறுப்பில் இருக்கும். நான்கையும் தவறாது காட்டியவனுக்கே கத்தி தரப்படும். இம்முறை வந்தபின் எம் பாசறைகளில் ஒரு விரற்கீறலுக்கு மேல் நேர்ந்ததில்லை.

வெட்டக் கற்றவன் வெட்டாமையையும் கற்கவேண்டும். தேசியப் பூங்காக்களிற் செடிகொடிகளை வெட்டுதல் 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி குற்றமாகும். பிற இடங்களிலும் விழுந்து உலர்ந்ததையே விறகாகக் கொள்க. நிற்கும் மரத்திற் கத்தியின் கூரைச் சோதிப்பது சிறுமை.

பழைய மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வெளிநாடுகளிலிருந்து வரும் உங்களிற் சிலர் அன்போடு சாரணருக்குக் கத்திகள் பரிசாகத் தருகின்றீர்கள். அவற்றுட் பல, கண்ணாடிப் பெட்டியில் வைக்கத்தக்கன. அப்பணத்தில் ஊர்க் கொல்லர் ஒருவரிடம் பத்துக் கத்திகள் சொல்லிச் செய்வியுங்கள். அவரைக் கல்லூரிக்கு அழைத்து உலையேற்றிக் காட்டச் செய்யுங்கள். துருத்தி ஓய்ந்த பட்டடைகள் பல. பிள்ளைகள் அத்தொழிலை ஏற்க விரும்பாத வீடுகளும் பல. மதிப்பில்லாத தொழிலை எவர் ஏற்பார்?

புறநானூற்றின் 95ஆம் பாட்டில் ஔவையார் தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைக் காண்கின்றார். அங்குள்ளவை பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிக் காவலில் இருக்கின்றன. அதியமானுடையவையோ நுனி முரிந்து கொல்லன் பட்டடையிற் கிடக்கின்றன என்கின்றார். வகுப்பில் அப்பாட்டைப் பலமுறை கற்பித்தோம். அதன் பொருளை யாம் உள்ளவாறு கற்றது, குளக்கரையில், ஒரு வயற்காரர் நீட்டிய கரிய கத்தியைக் கையில் வாங்கியபோதுதான்.