பணித்தளத்தின் ஒழுங்கு

புகைப்படங்களைத் திருத்தும் மென்பொருள்கள் இக்காலத்தில் ஸ்டூடியோக்களோடு நில்லாது மாணவர் கைக்கும் வந்துவிட்டன. நாகர்கோவிலில் திருமணப் படம் திருத்துவோரும், கல்லூரி மலருக்குப் பக்கம் அமைப்போரும், பழைய குடும்பப் படங்களின் கறை நீக்குவோரும் இவற்றையே கையாளுகின்றனர். ஆயினும், நேற்று வலப்புறம் நின்ற லேயர் பேனல் இன்று காணப்படாதாயின் இவர்களுட் பலர் கலங்குகின்றனர். மென்பொருளே பழுதுற்றதெனக் கருதி, அதனை நீக்கி மீளவும் நிறுவ முற்படுவாரும் உளர். இக்கலக்கத்திற்கு முதற்காரணம் நாம் கற்கும் முறையே என்பது எமது கருத்து.

பரிகாரமோ மிக எளிது. போட்டோஷாப்பில் டேப் விசையைத் தவறித் தொட்டால் பேனல்கள் யாவும் மறையும். மறுமுறை தொட்டால் மீளும். எஃப் விசை திரையின் தோற்றத்தை மாற்றும்; மும்முறைக்குள் அதனையே அழுத்தப் பழைய தோற்றம் வரும். ஒரு பேனல் மட்டும் காணாவிடின் விண்டோ என்னும் மெனுவில் அதன் பெயரைத் தேர்ந்தால் போதும். எல்லாம் சிதறிக் கிடப்பின், அம்மெனுவிலேயே ஒர்க்ஸ்பேஸ் என்பதன்கீழ் ரீசெட் என்றிருப்பதைத் தேர்ந்தால் தொடக்க ஒழுங்கு திரும்பும்.

இவ்வளவு எளியது பலர்க்கு ஏன் தெரியவில்லை? கருவிகளை அவற்றின் பெயரால் அறியாது, இடத்தால் மட்டும் மனனம் செய்கின்றோம். "மேலிருந்து மூன்றாவதை அழுத்து" என்று கற்றவன், அது இடம்பெயர்ந்தவுடன் கற்றதனைத்தையும் இழக்கின்றான். ஆங்கிலப் பெயர்களின் பொருளைத் தமிழில் விளக்கிக் கற்பித்தால் இவ்விடர் நேராது. கிம்ப் என்னும் விலையில்லா மென்பொருளின் முகப்பைத் தமிழிலும் பெயர்த்துள்ளனர். அதனைப் பயன்கொள்வோர் நம்மிடையே எத்துணையர்?

ஆக்கியோர்மீது குறையே இல்லையென்று யாம் சொல்லவில்லை. அந்தக் கிம்ப்பிலேயே கருவிகள் தனித்தனிச் சாளரங்களாகச் சிதறி நின்று பயனர்க்கு இடர் தந்தன. 2012-இல் வந்த 2.8 பதிப்பிலேதான் அனைத்தையும் ஒரே சாளரத்தில் அடக்கும் வசதி அமைந்தது. எனினும், ஆக்கியோர் தந்த வசதியை அறிந்துகொள்வது நமது கடமையன்றோ?

கணினி ஒன்றைப் பலர் பகிரும் கல்லூரிகளிலே இக்கடமை இரட்டிப்பாகின்றது. இலண்டன் மிஷனார் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே நாகர்கோவிலில் அச்சுக்கூடம் நிறுவினர். ஈய எழுத்துக்களால் அச்சிட்ட நாட்களில், அச்சுக் கோப்போர் பெரிதும் வழங்கும் எழுத்துக்களைக் கைக்கு அண்மையிலுள்ள அறைகளில் வைப்பர். அச்சு முடிந்ததும் ஒவ்வோர் எழுத்தையும் அதனதன் அறையில் மீளச் சேர்ப்பர். ஓர் எழுத்து அறை மாறி விழுந்தால் அடுத்தவன் கோக்கும் சொல் பிழைபடும். ஆகவே அவர் பேணிய ஒழுங்கு தமக்காக மட்டுமன்று, பின்வருவோர்க்காகவும் ஆயிற்று.

நாமும் அவ்வண்ணமே செய்தல் வேண்டும். தமக்கேற்ற அமைப்பை விரும்புவோர் நியூ ஒர்க்ஸ்பேஸ் என்பதன் வாயிலாக அதற்கொரு பெயரிட்டுச் சேமித்துக்கொள்க. பணி முடிந்தெழும்போது பொது அமைப்பை மீட்டு வைக்க. பிறனுக்கு இடர்செய்யாமை அன்பின் முதற்படி என்று கற்ற நாம், அதனைக் கணினி மேசையில் மறத்தல் தகாது.