நடவாத வரலாறும் நடந்த வரலாறும்

மங்கா எனப்படும் யப்பானியச் சித்திரக்கதைகளில் ஈடுபாடு கொண்டோரிடையே ஒரு பொழுதுபோக்கு வேரூன்றியுள்ளது. புகழ்பெற்ற தொடர்களுக்கும் அவற்றைப் படைத்தோருக்கும் நடவாத வரலாறுகளைக் கற்பித்து மகிழ்வதே அது. டெசூகா ஒசாமு மருத்துவராகவே இருந்துவிட்டிருந்தால் மங்கா என்றொரு கலையே தோன்றியிராது என்பார் ஒருவர். இன்ன தொடரை இன்ன பத்திராதிபர் ஏற்றிராவிட்டால் இன்னார் பெயரே மறைந்திருக்கும் என்பார் மற்றொருவர். அத்தைக்கு மீசை முளைத்தாற் சித்தப்பா என்பது நம்மவர் வழக்கு. வெறும் விளையாட்டாயின் நாம் இதனைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஆனால் இவ்விளையாட்டினுள் ஒரு வரலாற்றுக் கொள்கை ஒளிந்திருக்கின்றது. நமது பிணக்கு அதனோடுதான்.

மேதை பிறந்தாற் கலையுண்டு, பிறவாவிடில் இல்லை என்பதே அக்கொள்கை. டெசூகாவையே எடுத்துக்கொள்வோம். 1928இல் பிறந்த அவர், ஒசாகாவில் மருத்துவ மாணவராயிருந்தபோதே, 1947இல், சாகாய் ஷிச்சிமாவுடன் இணைந்து ‘புதிய புதையல் தீவு’ என்னும் நூலை வெளியிட்டார். அவரது ஆற்றலை நாம் மறுக்கவில்லை. ஆயின் அந்நூலை அச்சிட்டவர் யார், வாங்கியவர் யார்? போரில் தோற்றுச் சாம்பராய்க் கிடந்த நாட்டில், காகிதத் தட்டுப்பாட்டின் நடுவே, ஒசாகாவின் சிறு பதிப்பாளர் மட்டமான தாளில் அச்சிட்டு மிட்டாய்க் கடைகளிலும் விளையாட்டுப் பொருட் கடைகளிலும் விற்ற ‘செந்நூல்கள்’ எனப்பட்ட மலிவுப் புத்தகங்களுள் அதுவும் ஒன்று. புத்தகம் வாங்க இயலாதோர் சில்லறை கொடுத்து இரவல் பெறும் வாடகை நூற்கடைகள் 1950களில் மலிந்தன. தொழில் தேடி நகருக்கு வந்த இளந்தொழிலாளர் பலர் அவற்றின் வாசகர். அத்தகைய வாசகரை நோக்கியே தத்சுமி யொஷிஹிரோ முதலியோர் 1957 அளவில் ‘கெகிகா’ என்னும் கடுமையான கதைமுறையை வகுத்தனர். 1959 மார்ச் 17ஆந் திகதி இரு பெரும் பதிப்பகங்கள் ஒரே நாளிற் சிறுவர் வார இதழ்களைத் தொடங்கின. பின்னர் வாடகைக் கடைகள் தேய்ந்தன. டெசூகா மருத்துவராகவே அமர்ந்திருப்பின் மங்காவின் முகம் வேறாயிருந்திருக்கும், மங்கா இல்லாதிருந்திராது.

நகாசவா கெய்ஜியிடம் வரும்போது இக்கற்பனை அருவருப்பாகவே மாறுகின்றது. ‘வெறுங்கால் கென்’ என்னும் தொடரைப் படைத்தவர் அவர். 1945 ஓகஸ்ட் 6ஆந் திகதி காலை ஹிரோசிமாவில், ஆறு வயதுச் சிறுவனான அவரைப் பாடசாலை மதிற்சுவர் காத்தது. தந்தையும் தமக்கையும் தம்பியும் இடிந்த வீட்டினுள் மாண்டனர். (அத்தந்தை, போரை எதிர்த்த நாடகக் குழுவொன்றிற் சேர்ந்தமைக்காகச் சிறை சென்ற ஓவியர்.) அச்சுவர் அங்கில்லாதிருந்தால் இத்தொடரே இல்லையல்லவா என்று வியப்பார் உளர். அவ்வியப்பில் நமக்குப் பங்கில்லை. அன்று காலை அதே நகரில், வீடுகளை இடித்துத் தீத்தடுப்பு வெளிகள் அமைக்கும் வேலை முதலியவற்றுக்கென அணிதிரட்டப்பட்டிருந்த மாணாக்கருள் ஏறக்குறைய 6,000 பேர் பலியாயினர். பலர் பன்னிரண்டு, பதின்மூன்று வயதினர். அவர்களுள் எத்தனை பேர் கொப்பியின் ஓரங்களிற் படம் கீறிக்கொண்டிருந்தனரோ! பிழைத்த ஒருவரின் புகழைக் கண்டு சுவரின் அதிட்டத்தைப் போற்றும் கற்பனை, குண்டை வீசியோரையும், பிள்ளைகளை அவ்வேலைக்கு அனுப்பிய அரசையும் விசாரணையிலிருந்து மெல்ல விடுவித்துவிடுகின்றது.

நகாசவா நெடுங்காலம் அணுகுண்டைப் பற்றி எழுதவில்லை. 1966இல் தாயைத் தகனஞ் செய்தபோது எலும்பென்று சொல்ல ஏதும் எஞ்சாமை கண்ட பின்னரே எழுதத் துணிந்தார். முதற் கதையைப் பெரிய சஞ்சிகைகள் ஏற்கவில்லை. 1968இற் சிறிய சஞ்சிகையொன்று வெளியிட்டது. ‘வெறுங்கால் கென்’ 1973இல் ‘ஷோனென் ஜம்ப்’ என்னும் பெருவிற்பனை வார இதழிற் தொடங்கி, மறு ஆண்டே அங்கு நின்றுபோயிற்று. கதையோ அரைவழியிற் கிடந்தது. அதனைத் தொடரச் செய்தவை ‘ஷிமின்’ என்னும் சஞ்சிகையும், பொதுவுடைமைக் கட்சியின் பண்பாட்டுச் சஞ்சிகையும், இறுதியாக யப்பானிய ஆசிரியர் சங்கத்தின் சஞ்சிகையுமாகும். பத்துப் பாகங்கள் அவ்வாறே நிறைவெய்தின. ஆசிரியர் சங்கத்திற்கு ஒரு சஞ்சிகை இல்லாதிருந்தால்? நண்பர்கள் இதனைக் கேட்கட்டும். நாமும் உடனிருந்து எண்ணுவோம். இதற்கு விடை காண அதிட்டம் உதவாது. சந்தா, அச்சகம், சங்கம், சந்தை ஆகியவற்றையன்றோ ஆராய வேண்டும்!

மாற்று வரலாறு சமைப்போர் வேறு சிலரும் உளர். இவர்கள் கற்பனை செய்வதில்லை, சுற்றுநிருபம் அனுப்புகின்றனர். 2012 டிசெம்பரில், நகாசவா மறைந்த அதே மாதத்தில், மாட்சுயே நகரக் கல்விச் சபையினர், இந்நூலை மாணாக்கர் தாமாக எடுத்துப் படிக்கவியலாதவாறு வைக்கும்படி பாடசாலைகளைக் கேட்டுக்கொண்டனர். சித்திரிப்புகள் கொடூரமானவையாம். யப்பானியப் படையினர் ஆசிய மக்களுக்கு இழைத்தவையும் அச்சித்திரிப்புகளுள் அடங்கும் என்பதை வாசகர் கவனிக்க. நாடெங்கும் கண்டனம் எழுந்த பின், 2013 ஓகஸ்டில் அக்கட்டுப்பாடு கைவிடப்பட்டது. பத்து ஆண்டு கழிந்தது. 2023இல், ஹிரோசிமா நகரக் கல்விச் சபையே தனது அமைதிக் கல்விப் பாடநூலிலிருந்து கென்னை நீக்கிற்று. காட்டிய நியாயங்களுள் இரண்டைக் கேளுங்கள். சிறுவன் தெருவிற் பழைய பாணிப் பாட்டுப் பாடிக் காசு சேர்ப்பது இன்றைய பிள்ளைகளின் வாழ்வோடு பொருந்தவில்லையாம். கருவுற்ற தாய்க்கு ஊட்டவென்று அவன் பிறர் குளத்துக் கெண்டை மீனைத் திருடுவது தவறாக விளங்கிக்கொள்ளப்படுமாம். பசி இன்னதெனச் சொல்லிக்கொடுக்க வகுப்பில் ஓர் ஆசிரியர் நிற்பார் என்பது அச்சபையினருக்குத் தோன்றவேயில்லை.