விதையைப் பார்க்காமல் பூவுக்கு விலை பேசாதீர்கள்

கடந்த வாரம் கடைக்கு வந்த தம்பி ஒருவர் தனது கையடக்கத் தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். நீலம், ஊதா, பச்சை என வானவில் நிறத்தில் சொர்க்கப் பறவைப் பூக்கள். "நானா, 10 விதை 1500 ரூபாய்தான். வீட்டில் முளைக்க வைத்துக் கன்றாக விற்கலாம். பங்குக்கு வருகிறீர்களா?" என்றார். "விதையைக் கண்டீர்களா?" என்று கேட்டேன். அவர் காணவில்லை.

நானும் ஒரு காலத்தில் இப்படிப் பணம் கொடுத்தவன்தான். வந்தவை மிளகாய் விதை போன்ற தட்டை விதைகள். முளைத்தது ஏதோ ஒரு களை. உண்மையான விதை சிறு பட்டாணியளவில் கறுப்பாக, தலையில் செம்மஞ்சள் நிறத் தும்புடன் இருக்கும். வானவில் நிறத்தில் ஒரு சொர்க்கப் பறவைப் பூ உலகில் எங்கும் இல்லை.

அபூர்வ இனங்கள் இல்லாமலில்லை. இச்செடியின் தாயகம் தென்னாபிரிக்கா. அங்கு இலையே இல்லாமல் கோரை போல வளரும் இனம் உண்டு. 10 மீற்றர் வரை உயர்ந்து வெள்ளைப் பூப் பூக்கும் இனமும் உண்டு. எல்லாவற்றிலும் பேர் பெற்றது மஞ்சள் பூ. கேப்டவுணிலுள்ள கிர்ஸ்டன்போஷ் தாவரவியல் பூங்காவில் ஜோன் வின்டர் என்பவர் மஞ்சள் செடிகளைத் தெரிவு செய்து, கையால் மகரந்தம் சேர்த்து, விற்பனைக்குப் போதுமான கன்றுகளைப் பெருக்க ஏறக்குறைய 20 வருடங்கள் சென்றன. 1996இல் அதற்கு 'மண்டேலாஸ் கோல்ட்' என்று பெயரிட்டார்கள். அணில்கள் விதையைத் தின்னாமலிருக்கக் காய்களுக்குக் கம்பி வலை கட்டினார்களாம். ஒரு சரக்கைச் சந்தைக்குக் கொண்டுவர 20 வருடங்கள்! எம்மில் எத்தனை பேர் 20 மாதங்கள் பொறுப்போம்?

2017இல் பண்டாரவளையிலுள்ள ஒரு நண்பர் தன் தோட்டத்து மஞ்சள் செடியில் எடுத்த 12 விதைகளைத் தந்தார். தும்பை அகற்றி, இரண்டு நாள் வெதுவெதுப்பான நீரில் ஊற வைத்து, தடித்த தோலை ஒரு பக்கம் அரத்தால் இலேசாகத் தேய்த்து, மணலும் கூட்டெருவும் கலந்த சாடியில் விரல் நுனியளவு ஆழத்தில் ஊன்றினேன். முதல் முளை ஐந்தாவது வாரத்தில் வந்தது. கடைசி முளை நான்காவது மாதத்தில். மொத்தம் 8 முளைத்தன. அளவுக்கு மிஞ்சித் தண்ணீர் ஊற்றி ஒன்றை நானே அழுக வைத்தேன்.

2019இல் 4 கன்றுகளை "மஞ்சள்" என்று சொல்லித் தலா 1500 ரூபாய்க்கு விற்றேன். செம்மஞ்சள் கன்றின் விலை அப்போது 600 ரூபாய். 2022இல் என் வீட்டில் முதல் பூ விரிந்தது. செம்மஞ்சள்!

பிழை எங்கே என்று தேடினேன். நண்பரின் தோட்டத்தில் செம்மஞ்சள் செடிகளும் பக்கத்திலேயே நின்றன. மஞ்சள் பூவை அவர் மூடிக் கட்டவில்லை. தேன்சிட்டு வந்து போயிருக்கும். கன்று வாங்கிய நால்வருக்கும் தொலைபேசி எடுத்தேன். மூவருடையது இன்னும் பூக்கவில்லை. நான்காமவருடையது செம்மஞ்சளாகவே பூத்து ஆறு மாதமாகியிருந்தது. "ஏன் சொல்லவில்லை?" என்றேன். "கடைக்காரர் பேச்சு அப்படித்தானே என்று விட்டுவிட்டேன்" என்றார். 900 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தேன். அந்த வார்த்தை இன்றும் காதில் நிற்கிறது. வாடிக்கையாளர் சண்டைக்கு வந்தால் கடை தப்பும். எதுவும் பேசாமல் விட்டுவிட்டால் அவர் அடுத்த கடைக்குப் போய்விட்டார் என்றுதான் அர்த்தம்.

ஆகவே தம்பிமாருக்கு எனது அபிப்பிராயம் இதுதான். வீட்டு முற்றத்தில் இதைச் செய்யலாம். இடமும் சொற்பம், முதலும் சொற்பம். ஆனால் விதையிலிருந்து பூ வர மூன்று முதல் ஐந்து வருடங்கள், சிலவேளை அதற்கு மேலும் செல்லும். செக்குக்குத் திகதி கொடுத்துவிட்டு இதில் இறங்காதீர்கள். கண்ணால் கண்ட தாய்ச் செடியிலிருந்து மட்டும் விதை எடுங்கள். வெளிநாட்டு விதையைக் கடித உறையில் வரவழைப்பது 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கப் பயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தோடு மோதும் வேலை. விவசாயத் திணைக்களத்தின் அனுமதி பெற்றே இறக்க வேண்டும்.

என்னிடம் இப்போது சில கன்றுகள் இருக்கின்றன. சாடியில் ஒரு சிறு அட்டை கட்டியிருக்கிறேன்: "தாய்ச் செடி மஞ்சள். இதன் நிறம் பூத்த பின்பே தெரியும். விலை 600 ரூபாய்." அட்டையை வாசித்துவிட்டுச் சிலர் வாங்காமல் போகிறார்கள். போகட்டும். வாங்கிப் போனவர்கள் திரும்பவும் கடைக்கு வருகிறார்கள்.