ஏரியலைக் கண்டால் இன்னும் சந்தேகமா? – தீவகத்தில் ஒரு வானொலி முயற்சி தந்த பாடம்

1990களின் முதற்பாதியில் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தவர்களுக்குச் சைக்கிள் டைனமோவைப் பற்றி விளக்கத் தேவையில்லை. மின்சாரம் இல்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருட்களில் ஒன்று. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, மற்றவர்கள் பிபிசி தமிழோசைக்கோ வெரித்தாஸுக்கோ காதைக் கொடுத்திருப்போம். சுற்றுகிறவர் களைத்தால் செய்தியும் தேய்ந்துவிடும். ஆனால் ஒன்றை அப்போது நாம் கவனிக்கவில்லை. குடாநாடே இருளில் கிடந்ததால் வானலை மிகவும் துப்புரவாக இருந்தது.

இன்று அதே வீட்டில் மின்சாரம் இருக்கிறது. ஆனால் வானொலிப் பெட்டியை 500 கிலோஹேர்ட்ஸுக்குக் கீழே திருப்பினால் ஒரே இரைச்சல்தான். எல்.ஈ.டி. குமிழ்கள், தொலைபேசி சார்ஜர்கள், பக்கத்து வீட்டுக் கூரையிலுள்ள சோலார் இன்வேர்ட்டர் எல்லாமே அந்தப் பகுதியில் குப்பை கொட்டுகின்றன.

அந்தப் பகுதியில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்கலாம். அமெச்சூர் வானொலியாளர்களுக்கு 2007ஆம் ஆண்டு உலக வானொலித் தொடர்பு மாநாடு 135.7 முதல் 137.8 கிலோஹேர்ட்ஸ் வரையான சிறு துண்டை ஒதுக்கியது. 2012இல் 472 முதல் 479 வரையான துண்டு கிடைத்தது. முதலாவதின் அலைநீளம் ஏறத்தாழ 2,200 மீற்றர். அனுமதிக்கப்பட்ட சக்தியோ ஒரு வாட். மிக மெலிந்த அந்தச் சமிக்ஞை இரவில் ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் கடந்து வரும். அதைப் பிடிக்கப் பெரிய கருவி தேவையில்லை. அமைதியான இடம்தான் தேவை.

நகரத்தில் அந்த அமைதி இல்லை. ஆகவே அனுமதிப்பத்திரம் பெற்ற அமெச்சூர் நண்பர் ஒருவரும் நானும் கடந்த வருடம் வாங்கியை வேலணையில் ஒரு பனங்காணிக்குள் வைத்து, அது கேட்பதை வயரில்லா இணைப்பு மூலம் யாழ்ப்பாண நகரிலுள்ள வீட்டுக்குக் கொண்டுவர முயன்றோம்.

எட்டுக் கிலோமீற்றர் தண்ணீர்

குடாநாடு தட்டையான நிலம். ஏறி நிற்க மலை இல்லை. 5.8 கிகாஹேர்ட்ஸ் இணைப்புக்கு இரு முனைகளும் ஒன்றையொன்று பார்க்க வேண்டும். பார்த்தால் மட்டும் போதாது, நடுவே கொஞ்சம் வெற்று இடமும் வேண்டும். எட்டுக் கிலோமீற்றர் தூரத்துக்குப் பூமியின் வளைவு நடுவழியில் ஒரு மீற்றர் அளவு எழும். அதற்கு மேல் அலை விரிந்து செல்ல ஆறு மீற்றர் வேண்டும். கடல்நீரேரியின் மேலாகப் போனால் மாடி வீட்டுக் கூரையில் ஒரு கம்பமும் மறுகரையில் பத்து மீற்றர் கம்பமும் போதும். இதையே வடமராட்சி கிழக்கிலிருந்து முப்பது கிலோமீற்றர் தரைவழியாகக் கொண்டுவர நினைத்தால், வளைவுக்கும் அலைக்குமாக 25 மீற்றரும், பனைகளின் உயரமும் சேர்ந்து 45 மீற்றர் கோபுரம் தேவைப்படும். எங்களுக்குத் தண்ணீர் மேல் வழிதான் கட்டுப்படியாகும்.

முதல் இரவே ஏமாற்றம். வேலணையில் நகரத்தை விட மோசமான இரைச்சல். இரண்டு நாள் தேடிய பிறகுதான் விளங்கியது: கம்பத்தின் உச்சிக் கருவிக்கு மின்சாரம் ஏற்றும் எங்களுடைய சிறு பெட்டியும், சோலார் சார்ஜ் கொன்ட்ரோலருமே குற்றவாளிகள். அமைதியைத் தேடிப் போன நாங்கள்தான் சத்தத்தைக் கூட்டிக்கொண்டு போயிருந்தோம். ஏரியலை நாற்பது மீற்றர் தள்ளி நட்டோம். கொன்ட்ரோலரை இரவில் கழற்றிவிட்டுப் பற்றரியில் மட்டும் ஓட்டினோம். இரைச்சல் அடங்கியது.

அடுத்த தலையிடி மாலை நேரம். கடல்நீரேரியின் மேல் சூடான காற்றும் ஈரக்காற்றும் அடுக்காகப் படியும்போது இணைப்பு தளர்ந்து விழுந்தது. அரை மெகாஹேர்ட்ஸ் முழுவதையும் அப்படியே அனுப்பினால் வினாடிக்கு 16 மெகாபிற் வேண்டும். 2,200 மீற்றர் துண்டை மட்டும் அனுப்பினால் 200 கிலோபிற்றுக்குள் அடங்கும். அதையும் வேலணையிலேயே சிறிய கணினி ஒன்றில் பிரித்தெடுத்தால், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அழைப்புக்குறி, இடம், வலிமை என்று ஒரு வரி எழுத்துத்தான். ஆடி அசையும் இணைப்பும் அதைத் தாங்கும். கைத்தொலைபேசி வலையமைப்பே போதும்.

அதன்பிறகு கேட்டவற்றுள் எனக்குப் பிடித்தது அமெச்சூர் சமிக்ஞையே அல்ல. சுமார் 300 கிலோமீற்றர் தொலைவில், திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்திலுள்ள இந்தியக் கடற்படையின் கட்டபொம்மன் நிலையம் 18.2 கிலோஹேர்ட்ஸில் ஒலிபரப்புகிறது. அதன் உள்ளடக்கம் எவருக்கும் விளங்காது, விளங்கவும் தேவையில்லை. அதன் வலிமையைப் பகலில் தொடர்ந்து வரைந்தால், சூரியச் சுவாலை எழும்போது அந்தக் கோடு திடீரென அசைவதைக் காணலாம். உலகின் பல பாடசாலைகளில் மாணவர்கள் செய்யும் பரிசோதனை இது. எங்கள் பாடசாலைகளிலும் செய்யலாம்.

“எனக்கு ஏன் கரைச்சல்?”

மூன்றாவது வாரம் இருவர் காணிக்கு வந்தார்கள். சீருடை இல்லை. கம்பம் ஏன், யாருடைய காசு, எங்கே பேசுகிறீர்கள் என்று கேட்டார்கள். பேசுவதில்லை, கேட்பது மட்டும்தான் என்று நண்பர் தன் அனுமதிப்பத்திரத்தைக் காட்டினார். படமெடுத்துக்கொண்டு போனார்கள். அத்துடன் முடிந்தது. ஆனால் காணிக்காரியான வயோதிப அம்மாவுக்கு முடியவில்லை. “தம்பியவை, உங்கட கம்பியாலை எனக்கு ஏன் கரைச்சல்?” என்றார். அவருடைய பயத்துக்கு முப்பது வருடக் காரணம் உண்டு. கம்பத்தை இறக்கினோம்.

சட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாங்கி எதையும் அனுப்பாது என்றாலும் இணைப்புக் கருவி அனுப்பும். எந்த அலைவரிசை, எவ்வளவு சக்தி என்பதைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு தீர்மானிப்பது நியாயமே. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டம் அதற்குத்தான் இருக்கிறது. 2024இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. அதே ஆண்டு ஸ்டார்லிங்குக்கு அனுமதி கிடைத்தது. 2025 ஜூலையில் சேவை தொடங்கியது. பணம் கட்டியவர் கூரையில் வைக்கும் செய்மதித் தட்டு வசதியின் அடையாளமாகிவிட்டது. உள்ளூர்ப் பெடியன் நட்ட பத்து மீற்றர்க் கம்பம் மட்டும் இன்னும் விசாரணைக்குரிய பொருளாக இருக்கிறது.

இதில் நட்டம் யாருக்கு? தாழ் அதிர்வெண்ணைக் கேட்பது பேரிடரில் உயிர் காக்கும் என்று நான் மிகைப்படுத்தமாட்டேன். காக்கக்கூடியது அந்த இணைப்பைக் கட்டும் கைப்பழக்கம். மின்சபையை நம்பாமல் கருவி ஓட்டுவது, தண்ணீருக்கு மேலால் தகவல் கடத்துவது, மெலிந்த இணைப்பில் ஒரு வரியையாவது சேர்ப்பது. 2004 ஆழிப்பேரலையின்போது அம்பாந்தோட்டையைக் கொழும்புடன் இணைத்தவர்களில் இலங்கை அமெச்சூர் வானொலியாளர்கள் இருந்தார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் அடித்தபோது பல மாவட்டங்களில் தொலைபேசியும் இணையமும் அறுந்தன. நெடுந்தீவிலோ நயினாதீவிலோ படகும் கோபுரமும் ஒரே இரவில் நின்றால், அங்கே அப்படியொரு இணைப்பைக் கட்டத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்?

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்கும் 11 மில்லியன் டொலர் இந்திய நன்கொடையில் காற்று, சூரியக் கலப்பு மின்திட்டத்துக்கு 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. தீவுகளுக்கு இருபத்துநான்கு மணிநேர மின்சாரம் வரவேண்டும். அதில் இரண்டு கருத்தில்லை. ஆனால் தரமற்ற இன்வேர்ட்டர்கள் வந்தால், எஞ்சியிருக்கும் வானலை அமைதியும் அதனுடன் போய்விடும்.

செய்ய வேண்டியவை பெரியவை அல்ல. அமெச்சூர் அனுமதிப் பரீட்சை யாழ்ப்பாணத்தில், தமிழில், ஒழுங்காக நடக்க வேண்டும். அனுமதி பெற்றவர் கம்பம் நடும்போது பிரதேச செயலகத்தில் பதிந்தால் போதும், பிறகு எவரும் வீட்டு வாசலுக்கு வரமாட்டார்கள் என்ற எழுத்துமூல நடைமுறை வேண்டும். யாழ் பல்கலைக்கழகம் தீவொன்றில் ஒரு வாங்கியை நிறுவினால் காணிக்கார அம்மாக்களுக்கும் பயம் தெளியும்.

எங்கள் கம்பம் இப்போது நண்பரின் கொட்டிலில் படுத்துக்கிடக்கிறது. வாங்கி என் மேசையில். நேற்றிரவும் போட்டுப் பார்த்தேன். பக்கத்து வீட்டு இன்வேர்ட்டர்தான் கேட்டது.