முரண்நகை விளையாட்டன்று

நவீனத் துப்பறியும் புனைவு குறித்த ஆய்வுக் கட்டுரைகளில் ஒரு வாய்பாடு வேரூன்றிவிட்டது. துப்பறிவாளன் தோற்றால் அது முரண்நகை. முரண்நகை என்றால் வகைமையின் சுயபகடி. சுயபகடி என்றால் பின்நவீனத்துவ விளையாட்டு. 'உண்மை என்று ஒன்றில்லை, இருந்தாலும் அதை அறிய இயலாது' என்ற முடிவுரையோடு கட்டுரை நிறைவுறும். கொலையுண்டவரைப் பற்றி அதன் பிறகு பேச்சே இல்லை. இவ்வாய்பாட்டுக்குச் சான்றாகக் காட்டப்படும் கதைகளே அதைப் பொய்யாக்குகின்றன என்பதுதான் வேடிக்கை.

அர்ஜென்டினாவின் போர்ஹெஸ் எழுதிய 'மரணமும் திசைகாட்டியும்' (1942) அவற்றுள் முதன்மையானது. யூத மறைஞான நூல்களின் துணையால் கொலைகளுக்குள் ஓர் ஒழுங்கைக் காணும் லோன்ரோட், அவ்வொழுங்கையே பொறியாக விரித்த பகைவனிடம் சிக்கி மடிகிறான். இதை வடிவ விளையாட்டு என்போர் காவல் ஆணையர் திரெவிரானஸை மறந்துவிடுகின்றனர். இரத்தினங்களைத் திருட வந்தவன் அறை மாறி நுழைந்ததால் நேர்ந்ததே முதற்கொலை என்று அவர் தொடக்கத்திலேயே ஊகிக்கிறார். அதுவே உண்மை. அவ்விளக்கம் சுவையற்றது என்று லோன்ரோட் ஒதுக்குகிறான். உண்மையைவிடச் சுவையான விளக்கத்தை நாடும் அறிவு அடையும் தண்டனை அது. கோட்பாட்டு மயக்கத்தில் இருக்கும் ஆய்வுலகம் முகம் பார்க்க வேண்டிய கண்ணாடியும் அதுவே.

சுவிட்சர்லாந்தின் டூரன்மாட், ஒரு திரைப்படக் கதையில் கொலையாளி பிடிபடுவதாக எழுதினார். அம்முடிவில் நிறைவுகொள்ளாமல் அதையே 'வாக்குறுதி' (1958) என்னும் நாவலாக மாற்றி, துப்பறியும் நாவலுக்கான இரங்கற்பா என்று துணைத்தலைப்பும் இட்டார். கொலையுண்ட சிறுமியின் தாய்க்கு அளித்த வாக்கைக் காக்க, மத்தேயி வேறொரு சிறுமியைத் தூண்டில் இரையாக்கிக் காத்திருக்கிறான். கொலையாளி வரும் வழியிலேயே கார் விபத்தில் இறந்துபோகிறான். மத்தேயியின் கணிப்பு முற்றிலும் சரி. தர்க்கத்தைத் தற்செயல் வென்றது என்று எழுதி நிறுத்தும் கட்டுரைகள் இரையாக்கப்பட்ட சிறுமியை எண்ணிப் பார்ப்பதில்லை. ஒரு குழந்தைக்கு நீதி தேடியவன் மற்றொரு குழந்தையின் வாழ்வைச் சிதைத்துவிட்டான். நாவலின் முரண்நகை அங்கேதான் இருக்கிறது.

இத்தாலியின் லியோனார்தோ ஷாஷா எழுதிய 'அவரவர்க்கு உரியது' (1966) இன்னும் கடுமையானது. சிசிலியின் சிற்றூர் ஒன்றில் மருந்துக்கடைக்காரரும் மருத்துவரும் கொல்லப்படுகின்றனர். லௌரானா என்னும் ஆசிரியர் உண்மையைக் கண்டறிகிறார், கொல்லவும்படுகிறார். ஊரார் அதை முன்பே அறிந்திருந்தனர் என்பது இறுதியில் தெரியவருகிறது. அவர்கள் கண்ணில் லௌரானா ஒரு மூடர், அவ்வளவே.

வகைமையின் நிச்சயங்களைக் கலைப்பதே ஒரு விமரிசனம் அல்லவா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் கலைக்கப்படும் நிச்சயம் எது? திரெவிரானஸ் சொன்னது சரி. மத்தேயி கணித்தது சரி. லௌரானா கண்டறிந்ததும் சரி. மூன்று கதைகளிலும் உண்மை ஐயத்துக்கு இடமின்றித் தெரிகிறது. உண்மை வெளிப்பட்டால் நீதி தானே வந்துவிடும் என்ற மரபான துப்பறியும் கதையின் நம்பிக்கையே இங்கே உடைகிறது. உண்மையை அறிய இயலாது என்ற வாசிப்பு இக்கதைகளின் குற்றச்சாட்டைத் தலைகீழாக்குகிறது. அறிந்தும் வாளாவிருந்த ஊருக்கு, அறிய இயலாது என்னும் தத்துவத்தைவிட வசதியான புகலிடம் வேறில்லை.

முரண்நகை என்னும் சொல்லில் நகை இருப்பதால் அதை அணியாக எண்ணி, பொருளைக் கைவிட்டது போதும். துப்பறிவாளன் தோற்கும் ஒவ்வொரு கதையிலும் மாணவர் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: உண்மை யாருக்குத் தெரிந்திருந்தது? அத்தோல்விக்கு விலை கொடுத்தவர் யார்? இவற்றுக்கு விடை கூறாத கட்டுரை, எத்தனை கோட்பாட்டாளர்களை மேற்கோள் காட்டினாலும், வழக்கை விசாரிக்காமலே கோப்பை மூடிவிடுகிறது.