எத்தனால் கலந்த பெட்ரோல்: நாம் கேட்க வேண்டிய கேள்வி எது?



கடந்த மழைக்காலத்தில் ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின் மதரஸாப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். அப்போது மாணவர் ஒருவரின் அத்தா எம்மைத் தேடி வந்தார். நார்த்தாமலை, அன்னவாசல், கீரனூர் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கு மொபெட்டில் துணிமூட்டை கட்டிச் சென்று தவணைக்கு விற்று வருபவர் அவர். "ஹஜ்ரத், இப்போது பெட்ரோலில் சாராயத்தைக் கலக்கிறார்களாமே! ஊற்றும்போது கையிலும் கைலியிலும் பட்டுவிடுகிறது. அப்படியே தொழுதால் தொழுகை கூடுமா?" என்று கேட்டார். தெரிந்த விடையைச் சொன்னோம். அவர் எழுந்து போகவில்லை. சற்றுத் தயங்கிவிட்டு, "முன்பு போட்ட அதே காசுக்குத்தான் போடுகிறேன். ஊர் திரும்பும் முன்பே தீர்ந்துபோகிறது. இதைப் பற்றி மார்க்கத்தில் ஏதும் சொல்லியிருக்கிறதா?" என்றார்.

முதல் கேள்விக்கு விடை கிதாபுகளில் ஆயத்தமாக இருந்தது. இரண்டாவது கேள்வி பல நாட்கள் எம்மை விட்டு அகலவில்லை. அவர் கேட்காத மூன்றாவது கேள்வி ஒன்றும் இருக்கிறது. இம்மூன்றையும் பற்றியே இங்கு எழுதுகிறோம்.

முதலில் விஷயத்தை அறிந்துகொள்வோம். நம் நாடு தனக்குத் தேவையான கச்சா எண்ணெயில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்குக்கு மேல் வெளிநாடுகளிலிருந்து வாங்குகிறது. இந்தச் சுமையைக் குறைக்கவே, கரும்பிலிருந்தும் தானியத்திலிருந்தும் காய்ச்சி வடிக்கப்படும் எத்தனாலைப் பெட்ரோலில் கலக்கும் திட்டம் 2003ஆம் ஆண்டு ஐந்து விழுக்காட்டில் சில மாநிலங்களில் தொடங்கப்பட்டது. 2022 ஜூனில் அது பத்து விழுக்காட்டை எட்டியது. 2030க்குள் எட்ட எண்ணியிருந்த இருபது விழுக்காட்டு இலக்கு 2025-26க்கு முன்னகர்த்தப்பட்டு, 2025ஆம் ஆண்டே எட்டப்பட்டுவிட்டது. இ20 என்று சொல்லப்படுவது இதுதான். ஐந்து லிட்டர் ஊற்றினால் அதில் ஒரு லிட்டர் எத்தனால்.

'ஆல்கஹால்' என்ற சொல்லின் பூர்வீகத்தையும் வாசகர்கள் அறிந்திருப்பது நல்லது. அது 'அல்குஹ்ல்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. அதன் பொருள் நாம் கண்ணுக்கு இடும் சுர்மா. நுண்ணிய தூளைக் குறித்த அச்சொல், ஐரோப்பியர் கைக்குப் போனபின் எப்பொருளின் சாரத்தையும் குறிக்கலாயிற்று. பின்னர் வடித்தெடுத்த திரவத்திற்கே பெயராக நிலைத்துவிட்டது. ஆகவே பெயரை வைத்து மட்டும் எந்தப் பொருளுக்கும் சட்டம் சொல்லிவிட முடியாது.

இனி முதல் கேள்வி. போதை தரும் பானம் ஹராம் என்பதில் இரண்டு கருத்துக்கு இடமே இல்லை. அல்மாயிதா அத்தியாயத்தின் 90ஆவது வசனம் அதை ஷைத்தானின் செயல்களோடு சேர்த்துக் கண்டிக்கிறது. மதுவைப் பிழிபவர், சுமப்பவர், விற்பவர் உட்படப் பத்துப் பேரைச் சபிக்கும் நபிமொழியும் நாம் அறிந்ததே. அந்த நபிமொழியை முன்வைத்து, ஆல்கஹால் கலந்த எரிபொருளைத் தவிர்க்க வேண்டும் என்று 2009ஆம் ஆண்டு சவூதி அறிஞர் ஒருவர் தம் சொந்தக் கருத்தாகச் சொன்னதும் உண்டு. அந்தப் பேணுதலை நாம் மதிக்கிறோம். எனினும் அதை எல்லோர்மீதும் சுமத்த முடியாது என்பதே எம் புரிதல்.

காரணம் இது. மது உட்பட திரவப் போதைப்பொருள்கள் நஜீஸ் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நிலை. பெரும்பாலான இமாம்களின் நிலையும் மதுவைப் பொறுத்தவரை அதுவே. ஆனால் இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் மாணவரான முஸனீ (ரஹ்) அவர்களும், எகிப்தின் லைத் இப்னு ஸஅத் (ரஹ்) அவர்களும், அதை அருந்துவது ஹராம் என்றாலும் அப்பொருள் அசுத்தமன்று என்றே கருதினர். ஹனஃபீ மத்ஹபைச் சேர்ந்த முஃப்தீ தகீ உஸ்மானீ அவர்கள், திராட்சையிலிருந்தோ பேரீச்சையிலிருந்தோ எடுக்கப்படாத ஆல்கஹாலை மருந்திலும் நறுமணப் பொருளிலும் பயன்படுத்துவதற்கு, இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்தை ஆதாரமாகக் கொண்டு இடம் காட்டியுள்ளார். நம் வண்டிக்கு வருவதோ கரும்பும் மக்காச்சோளமும் அரிசியும் தந்த எத்தனால். அதுவும் குடிக்க இயலாதபடி வேறு பொருள் சேர்த்துக் கெடுக்கப்பட்டது.

நஜீஸ் என்றே வைத்துக்கொண்டாலும் வழி அடைபடவில்லை. அசுத்தமான எண்ணெயை விளக்கெரிக்கப் பயன்படுத்துவது ஆகுமானது என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தம் 'மின்ஹாஜ்' நூலில் குறிப்பிடுகிறார்கள். பள்ளிவாசலுக்குள் மட்டும் அதைத் தவிர்க்க வேண்டும் என்று விளக்கவுரையாளர்கள் கூறுவர். அன்று எரிந்தது விளக்கு. இன்று எரிவது எஞ்சின். உண்பதற்கும் பருகுவதற்கும் ஆகாத ஒன்றை எரிப்பதற்குப் பயன்படுத்தலாம் என்ற அடிப்படை இரண்டுக்கும் ஒன்றே. ஆகவே அந்தச் சகோதரரிடம் நாம் சொன்னது இதுதான்: வண்டிக்கு ஊற்றுவதில் குற்றமில்லை; உடலிலோ உடையிலோ பட்டால் கழுவிவிட்டுத் தொழுங்கள், அதுவே பேணுதல்; முன்பு தொழுதவற்றை எண்ணி மனத்தைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். வண்டி முன்போல் ஓடவில்லை என்பது அவரது கற்பனையா? முழுக்கக் கற்பனையன்று. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. 2021ஆம் ஆண்டு நிதி ஆயோக் வெளியிட்ட அறிக்கையே, இருபது விழுக்காட்டுக் கலவைக்கென வடிவமைக்கப்படாத பழைய இருசக்கர வண்டிகளில் மூன்று முதல் நான்கு விழுக்காடும், கார்களில் ஆறு முதல் ஏழு விழுக்காடும் மைலேஜ் குறையலாம் என்று மதிப்பிட்டது. அன்றாடம் நூற்றைம்பது ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டு மாதத்தில் இருபத்தைந்து நாள் அலையும் ஒருவருக்கு, நான்கு விழுக்காடு என்பது நாளொன்றுக்கு ஆறு ரூபாய். மாதத்திற்கு நூற்றைம்பது ரூபாய். ஒரு நாள் பெட்ரோல் காசு போய்விடுகிறது. வசதியுள்ளவருக்கு இது பொருட்டல்ல. தவணைக்குத் துணி விற்பவருக்குப் பொருட்டுதான்.

இதைவிட முக்கியமானது, அந்த இழப்பை ஈடுகட்டும் விதமாகக் கலப்பு எரிபொருளின் விலை சாதாரணப் பெட்ரோலைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்று அதே அறிக்கை பரிந்துரைத்திருந்தது. பங்க்குகளில் அந்தக் குறைவை நாம் காணவில்லை. கலக்காத பெட்ரோலும் மக்களுக்குக் கிடைக்க வேண்டும் என்று கோரிய பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1ஆம் தேதி தள்ளுபடி செய்தது. மைலேஜ் குறைவு மிகச் சொற்பம், எஞ்சின் பழுதாகும் என்ற அச்சம் ஆதாரமற்றது என்பது அரசின் விளக்கம். எஞ்சினைப் பற்றிய தீர்ப்பைப் பொறியாளர்களிடம் விட்டுவிடுவோம். வியாபாரத்தைப் பற்றிப் பேச மதரஸா ஆசிரியருக்கும் உரிமை உண்டு.

நபி (ஸல்) அவர்கள் மதீனாவின் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அந்த ஈரத்தை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று அண்ணலார் அவரைக் கண்டித்தார்கள். அங்கே விற்பனை தடுக்கப்படவில்லை; மறைப்பே தடுக்கப்பட்டது. கலவை செய்வது தேசத்திற்கு நன்மை என்றால் செய்யட்டும். ஆனால் எத்தனை விழுக்காடு கலந்துள்ளது, எந்த ஆண்டுக்கு முந்தைய வண்டிக்கு அது எவ்வாறு வேலை செய்யும், எவ்வளவு குறையும் என்பவை பம்பின் மேலேயே, தமிழில், பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். விலையும் அதற்கேற்ப இருக்க வேண்டும். பிரேசில் 1975ஆம் ஆண்டு முதல் எத்தனாலைப் பெருமளவில் பயன்படுத்தி வரும் நாடு. அங்கும் பெட்ரோல் கலக்கப்பட்டே வருகிறது. எனினும் தனி எத்தனாலும் அதே பங்க்கில் தனி விலையில் கிடைக்கிறது. பெட்ரோல் விலையில் நூற்றுக்கு எழுபது பங்குக்குக் கீழே எத்தனால் விற்றால் மட்டுமே அது இலாபம் என்று வண்டி ஓட்டுபவர்கள் கணக்குப் பார்த்து ஊற்றுகிறார்கள். ஆற்றல் குறைவான பொருளுக்கு விலையும் குறைவு என்ற நேர்மை அங்கே வழக்கமாகிவிட்டது. நாம் கேட்பதும் அதுதான்.

அவர் கேட்காத மூன்றாவது கேள்வி இது: வண்டிக்குள் போவது யாருடைய உணவு?

சர்க்கரை ஆலையில் எஞ்சும் கழிவுப்பாகிலிருந்து எத்தனால் எடுக்கப்பட்டவரை இக்கேள்வி எழவில்லை. இன்று நிலைமை வேறு. மக்காச்சோளம் முதன்மையான மூலப்பொருளாகிவிட்டது. ஏற்றுமதி செய்துவந்த நம் நாடு 2024இல் மக்காச்சோளத்தை இறக்குமதி செய்யும் நிலைக்கு வந்தது. தீவன விலை ஏறியது என்று கோழிப்பண்ணையாளர்கள் முறையிட்டனர். ஏழைப் பிள்ளையின் தட்டில் எளிதாகச் சேரும் சத்து முட்டைதான் என்பதை நாம் மறக்கலாகாது. இந்திய உணவுக் கழகத்தின் கிடங்குகளில் உள்ள அரிசியும் எத்தனால் ஆலைகளுக்கு விற்கப்படுகிறது.

ஒரு கணக்கைப் பாருங்கள். ஒரு டன் அரிசியிலிருந்து ஏறத்தாழ 450 லிட்டர் எத்தனால் கிடைக்கும். மக்காச்சோளமானால் 380 லிட்டர் அளவில். ஆக ஒரு லிட்டர் எத்தனாலுக்கு அரிசியில் இரண்டேகால் கிலோ வரையும், சோளத்தில் இரண்டரைக் கிலோவுக்குச் சற்று மேலும் தேவை. நோன்புப் பெருநாளன்று ஒரு நபருக்காக நாம் கொடுக்கும் ஃபித்ரா ஒரு ஸாவு. அதுவும் ஏறக்குறைய இரண்டரைக் கிலோதான். தானியத்திலிருந்து எடுத்த எத்தனால் என்றால், ஐந்து லிட்டர் இ20 ஊற்றும் ஒவ்வொரு தடவையும் ஒருவருடைய ஃபித்ரா அளவு தானியம் நம் டேங்கில் எரிகிறது. சக்கை தீவனமாகத் திரும்புகிறது என்பது உண்மை. ஆயினும் மாவுச்சத்து திரும்புவதில்லை.

தண்ணீரின் கணக்கு இன்னும் கடுமையானது. கரும்பிலிருந்து ஒரு லிட்டர் எத்தனால் எடுக்க ஏறத்தாழ 2,860 லிட்டர் நீர் செலவாகிறது என்று மேற்சொன்ன நிதி ஆயோக் அறிக்கையே கூறுகிறது. நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து நீரில் ஒளூச் செய்தார்கள். நாம் தாராளமாக மூன்று லிட்டர் செலவழிப்பதாகவே வைத்துக்கொண்டாலும், அந்த நீரில் ஒருவர் ஆறு மாதத்திற்கு மேல் ஐவேளையும் ஒளூச் செய்யலாம். நம் மாவட்டமோ வானம் பார்த்த பூமி. கண்மாய் நிறைந்தால் விளைச்சல், இல்லையேல் வெளியூர்ப் பயணம். நார்த்தாமலைக் குன்றுகளின் சுனைகளில் தேங்கிய மழைநீரைப் பார்த்து வளர்ந்த நம்மைவிட நீரின் மதிப்பை அறிந்தவர் யார்?

இவ்வளவும் எழுதியதால் இத்திட்டமே தீது என்று சொல்வதாக எவரும் எண்ண வேண்டாம். இதுவரை ஒரு லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல் அன்னியச் செலாவணி மிச்சமாகியுள்ளதாக அரசு சொல்கிறது. கரும்பு விவசாயிகளுக்கு ஆலைகள் வைத்திருந்த நிலுவை குறைய இது துணைசெய்ததையும் மறுக்க முடியாது. வைக்கோலிலிருந்து எத்தனால் எடுக்கும் ஆலை ஹரியானாவின் பானிபட்டில் 2022இல் திறக்கப்பட்டது. கழிவுப்பாகு, வைக்கோல், உண்ணத் தகாமல் கெட்டுப்போன தானியம் ஆகியவற்றிலிருந்து வருவதை நாம் மனமார வரவேற்கிறோம். வீணாகப் போவதைப் பயனாக்குவது மார்க்கம் விரும்புவதே. மனிதர் உண்ணும் நல்ல தானியத்தையும் வறண்ட நிலத்தின் நீரையும் எரிப்பதில்தான் நமக்கு உடன்பாடில்லை. தமிழக அரசும் 2023இல் எத்தனால் கலப்புக் கொள்கை ஒன்றை வெளியிட்டுள்ளது. புதிய ஆலைகள் வரும்போது, அவை எதைக் காய்ச்சப் போகின்றன, எந்த ஊர் நீரை எடுக்கப் போகின்றன என்று கிராம சபையில் எழுந்து கேட்பது நம் கடமை.

இறுதியாக நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. ஜும்ஆ நாளில் பள்ளிவாசல் வாசலைப் பாருங்கள். இரண்டு தெரு தள்ளி இருப்பவரும் வண்டியில்தான் வருகிறார். தொழுகைக்கு நடந்து வரும் ஒவ்வோர் எட்டுக்கும் நன்மை உண்டு என்று மிம்பரில் கேட்கிறோம். வெளியே வந்ததும் வண்டியை உதைக்கிறோம். பெட்ரோலில் சாராயம் இருக்கிறதா என்று கவலைப்படும் நாம், அதில் வீண்விரயம் இருக்கிறதா என்று கவலைப்படுவதில்லை. இதில் எம்மையும் சேர்த்தே சொல்கிறோம். எமது வீட்டிலிருந்து மதரஸா நடக்கும் தூரந்தான்.

அந்தச் சகோதரர் சில நாட்களுக்குப் பின் மீண்டும் வந்தபோது இவற்றையெல்லாம் எடுத்துச் சொன்னோம். எத்தனால் நீரை இழுக்கும் தன்மையுடையது என்பதால் மழையில் டேங்க் மூடியைச் சரியாக மூடி வைக்கும்படியும், பழைய வண்டியின் ரப்பர்க் குழாய்களை மெக்கானிக்கிடம் ஒருமுறை காட்டும்படியும் கூறினோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்படியானால் என்மேல் தப்பில்லை" என்றார். உங்கள்மேல் இல்லை, அத்தா. தட்டில் போக வேண்டியது டேங்கில் போவதைக் கண்டும் வாய்திறவாமல் இருக்கும் படித்தவர்கள்மேல்தான் இருக்கிறது என்று சொல்லி அனுப்பினோம்.

அல்லாஹ்வே யாவற்றையும் நன்கறிந்தவன்.